எழுபது வளைவுக்கு மேல் ஒரு பெஞ்சு

வாயைத் திறக்காமலே ஒரு பொய்யைச் சொல்லிவிட முடியும். நான் சொல்லியிருக்கிறேன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பெஞ்சு கொல்லிமலையின் மேலே, சோளக்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து அங்கே ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. அந்தச் சாலையில் சைக்கிளில் ஏறுவது எங்கள் பைத்தியம். ராசிபுரம், நாமக்கல், சேலம் என்று மூன்று பக்கமிருந்தும் சேர்ந்த எட்டுப் பேர் நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சமவெளியில் ஓட்டுவோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மலை.

குழுவைத் தொடங்கியவர் ராசிபுரத்தில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர். மலைக்கான சட்டமும் அவர் வைத்ததுதான். காரவள்ளியில் பெடலில் வைத்த காலை எழுபதாவது வளைவைத் தாண்டிக் கடை வாசலுக்கு வரும்வரை தரையில் ஊன்றாதவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். வழியில் எங்கேயாவது, ஒரே ஒரு தடவை ஊன்றியிருந்தாலும் நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும், வாரம் முழுக்கப் பரீட்சை வைத்துத்தான் பிழைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையாவது விடுங்கள் என்பார் டீச்சர். கடைக்கார அம்மாவுக்கும் இது பழகிப்போயிருந்தது. டம்ளரை நீட்டும் முன்னால் ஆள் உட்காருகிறாரா நிற்கிறாரா என்று ஒரு பார்வை பார்ப்பார். உட்கார்ந்தால் கேட்காமலே இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வரும்.

மலை எனக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். மலை அதுபாட்டுக்கு இருக்கிறது. நாம் போய் அதன்மேல் மூச்சு வாங்குகிறோம், அதற்கு என்ன தெரியும். ஆனால் அங்கே ஏறப்போய் என்னைப் பற்றி எனக்குச் சில விஷயங்கள் தெரியவந்தன என்பதை மறுக்க முடியாது. அதில் பாதி, தெரியாமலே இருந்திருக்கலாம்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ஐம்பது வயதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பண்ணையில் நாள் முழுக்க நடக்கிறேன், அதில் குறையாத சர்க்கரை ரோட்டில் நடந்தா குறையப் போகிறது என்று டாக்டரிடமே சண்டை போட்டேன். அப்படியென்றால் சைக்கிள் ஓட்டுங்கள் என்று தன் தலைமேல் இருந்த பாரத்தை இறக்கி வைத்தார். எனக்கு ஒரு குணம் உண்டு. பிடிக்கும்வரை எதையும் தொடமாட்டேன், பிடித்துவிட்டால் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டேன்.

முதல் நாள் சைக்கிளில் வெளியே போனபோது எதிரே வந்தவர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தி, “ஏனுங்க, காரு என்னாச்சுங்க?” என்று கேட்டார்கள். ஒருவர் டிராக்டரைவிட்டு இறங்கி என் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போடவே வந்துவிட்டார். மூன்றாம் நாள், பண்ணை நொடித்துப்போய்க் காரை விற்றுவிட்டேன் என்று திருச்செங்கோட்டில் இருக்கும் என் மச்சானுக்குச் செய்தி போய்விட்டது. அவர் பதறிக்கொண்டு போன் செய்தார். ஊர்க்காரர்கள் கேள்விக்குப் பயந்து இப்போது காரில்தான் பக்கத்து ஊர்வரை போய், அங்கே நிறுத்திவிட்டுச் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொன்னதைக் கேட்டு இன்னும் அதிகமாகப் பதறினார்.

பாயைச் சந்தித்தது அதற்குப் பிறகு ஆறேழு மாதம் கழித்து, இந்தக் குழுவில். அவருக்குச் சேலத்தில் சூரமங்கலம் பக்கம் பைப்பும் குழாயும் விற்கிற கடை. என்னைவிட ஐந்து வயது இளையவர். ஒல்லியான ஆள். ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆன தழும்பு. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். எனக்கு மூக்கு மேல் கோபம், அவருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மலையில் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தால் நான் திட்டிக்கொண்டே பத்து மிதி வேகமாக மிதிப்பேன். அடுத்த வளைவிலேயே அந்தப் பத்து மிதிக்கும் தொடை பதில் கேட்கும். பாய் ஓரமாக ஒதுங்கி, பஸ்ஸுக்குக் கையைக் காட்டி வழிவிட்டு, அதே மெதுவான மிதியில் போய்க்கொண்டிருப்பார். ஒவ்வொரு வளைவிலும் பலகையில் இருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்வார். பதினேழு. பதினெட்டு. முன்னாலும் பார்க்கமாட்டார், மீதி எத்தனை என்றும் கேட்கமாட்டார்.

இப்படி ஏறியும் இரண்டு வருடமாக அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஒருமுறை செயின் கழன்றது. ஒருமுறை குறுக்கே குரங்குக் கூட்டம். மற்ற தடவையெல்லாம் முழங்கால். ஐம்பதுக்கு மேல் எங்காவது ஓரிடத்தில் கால் தரைக்கு வந்துவிடும். சிரித்துக்கொண்டே நின்று குடிப்பார். ஆனால் பெஞ்சை அவர் பார்க்கிற விதத்தை நான் கவனித்திருக்கிறேன். “ஒரு தடவை அதுல உக்காந்து குடிச்சுட்டா போதும்ணா, அப்புறம் சைக்கிளையே வித்துருவேன்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். வேறெதற்கும் அவர் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஒருநாள் தம்மம்பட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பாய் ஒரு மினி லாரியை மறித்து, இரண்டு சைக்கிளையும் என்னையும் ஏற்றி, ராசிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழி முழுக்க என் கையை விடவில்லை. கடைசியில் வாயுக்கோளாறு என்றார்கள். குழுவில் எல்லோரும் பல நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு நாங்கள் சேர்ந்து ஓட்டும்போதெல்லாம் அவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பார். எனக்கு அது பிடிக்காது. நான் என்ன கைக்குழந்தையா என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன்.

இந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு மலைக்குப் போனோம். காரவள்ளியில் குளிர் எலும்பைத் தொட்டது. நாற்பதாவது வளைவுவரை பாயும் நானும் சேர்ந்தே ஏறினோம். அவர் எண்ணைச் சொல்ல, நான் ம் கொட்டிக்கொண்டு போனேன். அதற்கு மேல் என் மூச்சு பிடிபடவில்லை, அவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போய்விட்டார். ஐம்பது தாண்டியது. அதுவரை நான் ஊன்றாமல் ஐம்பதைத் தாண்டியதே இல்லை. ஐம்பத்தைந்து. அறுபது. இனிமேல் யார் தடுத்தாலும் மேலே போய்விடுவேன் என்று தலைக்கேறிவிட்டது. அந்தத் திமிரில் கியரை மாற்றாமல் அழுத்தினேன். அறுபத்திரண்டாவது வளைவில் இடது கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது. ஒரு சுற்றுலா வேன் எதிரே வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு இறங்கியது. நான் காலை ஊன்றினேன்.

பல நாள் நான் எனக்கே சொல்லிக்கொண்டது, வேன் வந்ததால் ஊன்றினேன் என்பது. உண்மை அதுவல்ல. வேன் கடந்து போய் ஓரிரு நொடிக்குப் பிறகுதான் என் கால் தரைக்கு வந்தது. ஹேண்டிலின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். சதை இளகியது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தேன். தடுப்புச் சுவரின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து எதையோ உரித்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. ஏறி மிதித்தேன்.

கடைக்கு வந்தபோது பாய் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எதுவரைக்கும் என்று கண்ணால் கேட்டேன். “அறுவத்தி நாலுண்ணா. கிட்ட வந்துட்டேன்” என்று சிரித்தார். என்னை மேலும் கீழுமாகப் பார்த்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். எனக்கென்ன என்றேன். கடைக்கார அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். டீச்சரும் மற்றவர்களும் எங்கேயோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

என் அப்பா டீக்கடையில் நின்று குடித்து நான் பார்த்ததில்லை. அவர் கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் எழுந்துகொள்வார்கள். அப்பா யாரையும் எழச் சொன்னதில்லை. உட்காருங்கள் என்றும் சொன்னதில்லை. எழுந்தவர்கள் தங்கள் டம்ளரோடு வெளியே போய் நின்று குடிப்பார்கள். அவர்கள் யார், ஏன் எழுகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது அந்தக் காலமெல்லாம் போய்விட்டது என்று நானே நாலு பேரிடம் பேசுவேன். பேசிவிட்டு வந்து பண்ணையில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பேன், வேலை செய்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று குடிப்பார்கள். மலையில் நான் நின்று குடித்த ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ குமைந்துகொண்டே இருந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் நிற்கத்தான் செய்கிறார்கள், இது ஒரு விளையாட்டு என்பதெல்லாம் மண்டைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. அன்று என்னை உட்கார வைத்தது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

உட்கார்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பாய் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். பஜ்ஜித் தட்டை என் மடியில் வைத்து, போனை எடுத்துப் போட்டோ பிடித்தார். கொஞ்சம் சிரியுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி எடுத்தார். நான் சிரித்தேன்.

அந்தப் போட்டோ என்னைவிட வேகமாகச் சமவெளிக்கு இறங்கிவிட்டது. என் மனைவி அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். என் கோபத்தையும் சைக்கிளையும் வருடக்கணக்காகச் சகித்துக்கொண்டவள், முதல்முறையாக என்னைப் பற்றிப் பெருமையாக நாலு பேரிடம் பேசினாள். ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, கொல்லிமலையைக் காலே ஊனாமல் ஏறியது நீங்கள்தானா என்று கையைப் பிடித்துக்கொண்டார். பண்ணை நொடித்துவிட்டது என்று வதந்தி கிளப்பிய அதே ஆட்கள் இப்போது தங்கள் பிள்ளைகளிடம் என்னைக் காட்டினார்கள். முதல் வாரம் உள்ளே குத்தியது. இரண்டாவது வாரம் வேனைக் காரணம் சொல்லிச் சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாவது வாரம் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். இருந்தாலும் முழுசாக நம்பவில்லை போலிருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் இரண்டு தடவை தனியாக மலைக்குப் போனேன். ஒரே ஒரு தடவை ஊன்றாமல் ஏறிவிட்டால் பழைய பொய் உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு. இரண்டு தடவையும் ஐம்பதைத் தாண்டவில்லை. டீக்கடை வரை போகாமலே திரும்பிவிட்டேன்.

மாசியில் நோன்பு பிறந்தது. பாய் அந்த ஒரு மாதமும் சைக்கிளை எடுக்கவில்லை. பங்குனியில் பெருநாள் வந்தபோது, மனைவியோடு கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்று கூப்பிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முட்டை அட்டையோடு போவது எங்கள் வழக்கம். இரண்டு அட்டையைக் காரில் வைத்துக்கொண்டு சூரமங்கலம் போனோம். ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி வீடு. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் சத்தம். பிரியாணியும் தால்ச்சாவுமாக இலை நிறைந்திருந்தது. பாய் இன்னும் எதையோ எடுத்துவர உள்ளே போயிருந்தார். அவர் மனைவி என் மனைவிக்குப் பரிமாறிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“அண்ணா, இப்ப நெஞ்சுக்குப் பரவாயில்லைங்களா? அன்னிக்கு மலையில முடியாம நின்னுட்டீங்களாமே. இவரு மேல இருந்து பாத்தாராம். நீங்க தலையக் கவுத்துட்டு நிக்கிறதப் பாத்ததும் இவரும் காலை ஊனி எறங்கிட்டாராம். நீங்க திரும்ப ஏறி வர்றதுக்குள்ள இவருக்கு உசுரே இல்லைன்னு வந்து சொன்னாரு. நோம்பு முழுக்க உங்களுக்கும் சேத்துதான் துஆ செஞ்சேன்.”

கொண்டை ஊசி வளைவில் மேலே இருக்கிறவருக்குக் கீழே இருப்பது தெரியும். சைக்கிளில் அந்த மலையில் அத்தனை தடவை ஏறிய எனக்கு இது தெரியாதா. நான் சுற்றிலும் பார்த்தேனே தவிர மேலே பார்க்கவில்லை. அறுபத்து நான்கில் பாய் நின்றதற்கு முழங்கால் காரணமில்லை. இன்னும் ஆறு வளைவில் பெஞ்சு. அதை என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டார். பிறகு மேலே போய் நின்றுகொண்டு டீ குடித்தார். பெஞ்சில் உட்கார்ந்த என்னைப் போட்டோ எடுத்தார்.

என் மனைவி இலையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பாய் கிண்ணத்தோடு வந்தார், மூன்று பேர் முகத்தையும் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. “சாப்பிடுங்கண்ணா, ஆறிடும்” என்றார்.

கிளம்பும்போது வாசலில் அவரைத் தனியாக நிறுத்தி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்று இப்போது கூச்சமாக இருக்கிறது.

“யாரும் யாரையும் கேக்கக் கூடாதுன்னுதானே நம்ம சட்டம்” என்றார். “நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லலைன்னாலும் பரவாயில்லைண்ணா, நல்லபடியா மேல வந்து சேந்தீங்கல்ல.”

காரில் மல்லூர் தாண்டியதும் என் மனைவி பேச்சை எடுத்தாள். அவளுக்கு என்னைவிட நிதானம். நிதானமாகக் கேட்டால் வலி அதிகம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“எங்க அண்ணனுக்கு, சின்னம்மாளுக்கு, கோயமுத்தூர்ல புள்ளைக்குன்னு அத்தன பேருக்கும் அனுப்பிச்சேனுங்க அந்தப் போட்டோவ” என்றாள். கொஞ்சதூரம் போன பிறகு, “அதை எடுத்தது ஆருங்க?” என்றாள்.

பாய் என்றேன்.

“அவருகிட்ட மன்னிப்புக் கேட்டா மட்டும் பத்தாதுங்க. அவரு அதுல உக்காரோணும்.”

அன்று எனக்கு இருந்த அவமானம் வாழ்நாளில் வேறெப்போதும் இருந்ததில்லை. ஆட்களை வேலைக்கு வைத்து, அதட்டி, கணக்குக் கேட்டு வாழ்ந்த ஆள் நான். தீவனம் ஏற்றிவரும் லாரி டிரைவர் ஒரு மணி நேரத் தாமதத்துக்குப் பொய்க் காரணம் சொன்னால் முகத்துக்கு நேரே கிழித்துவிடுவேன். அடுத்த நாள் காலை பதினோரு மணிக்குப் பண்ணையில் டீ வந்தபோது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே குடித்தேன். முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், சாமிக்கு உடம்புக்கு ஆவலீங்களா என்று கேட்டார்.

அன்று மாலை ராசிபுரம் போய், பழைய காலத்துச் சைக்கிள்களில் இருக்குமே, கட்டைவிரலால் தள்ளினால் கிணிகிணி என்று ஊரையே எழுப்பும் பெல், அது ஒன்று வாங்கினேன். கிராம் கிராமாக எடையைக் குறைத்துச் செய்த என் சைக்கிளில் அதை மாட்டும்போது கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. பாய் ஏன் கீழே பார்த்தார் என்பதை இரவெல்லாம் யோசித்திருந்தேன். நான் வருகிறேனா இல்லையா என்று அவருக்குத் தெரியாததால் பார்த்தார். தெரிந்தால் பார்க்கமாட்டார்.

அடுத்த ஞாயிறு மலை. பங்குனி வெயிலுக்குப் பயந்து வெளிச்சம் வருமுன்பே காரவள்ளியில் நின்றோம். பாயிடம் போய் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். சரி, ஒன்று மட்டும் கேளுங்கள் என்றேன்.

“இன்னைக்கு நீங்க திரும்பியும் பாக்க வேண்டாம், குனிஞ்சும் பாக்க வேண்டாம் பாய். வழி முழுக்க பெல் அடிச்சுக்கிட்டே வாரேன். பெல் கேட்டா நான் நல்லா இருக்கறேன்னு அர்த்தம்.”

அவர் பெல்லைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். தானும் ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

அவர் எண்ணைச் சொல்வார், நான் பெல்லை அடிப்பேன். அப்படியே நாற்பதுவரை போனோம். வழக்கம்போல அதற்குமேல் அவர் முன்னால் போனார். குரல் கேட்காத தூரம் வந்தது. பெல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அன்று நான் யார்மேலும் கோபப்படவில்லை. ஹாரன் அடித்த பஸ்ஸுக்குக் கையைக்கூடக் காட்டினேன். டிரைவர் எதற்கோ தன்னைத் திட்டுகிறேன் என்று நினைத்து முறைத்துவிட்டுப் போனார்.

ஐம்பத்தேழாவது வளைவில் அதே இடது சதை பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மிதி மிதித்தேன். முடியவில்லை. காலை ஊன்றினேன். இந்த முறை முதலில் மேலே பார்த்தேன். மரங்களுக்கு இடையில் அவருடைய மஞ்சள் சட்டை ஒரு வளைவு தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக, நிற்காமல் போனது. பெல் நின்று எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் திடுக்கென்றது. காலை ஊன்றியபடியே, மூச்சு இரைக்க இரைக்க, கட்டைவிரலால் பெல்லை அடித்தேன். மஞ்சள் சட்டை நிற்கவில்லை. மறுபடி அடித்தேன். அது வளைவில் திரும்பி மறைந்தது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் நின்றேன். நின்ற இடத்தில் எல்லாம் அடித்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஜோடி, நான் வழி கேட்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றது. நகராமல் நின்றுகொண்டு பெல் அடிக்கிற ஆளை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கடை வாசலில் இருந்தார்கள். பாய் பெஞ்சுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா கையில் டம்ளரோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் எங்கேயோ ஊன்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் எனக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ஆபரேஷன் ஆன முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

டீச்சர் முதலில் கைதட்டினார். நான் தட்டிய சத்தத்தில் சந்தையிலிருந்து ஓரிருவர் எட்டிப் பார்த்தார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நான் போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். சிரிக்கச் சொல்லவில்லை.

பிறகு அவர் நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டு, வாங்கண்ணா என்றார்.

நான் டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றேன். நின்றபடியே எல்லோரிடமும் சொன்னேன். தை மாதம் அறுபத்திரண்டில் ஊன்றியது, வேன் காரணமில்லை என்பது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வந்து உட்கார்ந்தது, பாய் அன்று அறுபத்து நான்கில் நின்றது எதனால் என்பது. வரிசையாகச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். டீச்சர் தன் டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

பாய்தான் சட்டத்தை மீறினார். “சரிண்ணா, அது அன்னிக்கு. இன்னிக்கு வழி முழுக்க பெல் கேட்டுதே.”

“நின்னுக்கிட்டும் அடிச்சேன் பாய்” என்றேன். “மூணு எடத்துல.”

பெல்லை நம்பி நிற்காமல் ஏறிய அவர் என்னைப் பார்த்தார். முகம் கோணியது. டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்திருக்கப் போனார்.

“உக்காருங்க பாய்” என்றேன். “எனக்கோசரம் ஒரு தடவ நின்னது போதும்.”

அவர் உட்கார்ந்தார்.